விற்கப் போனவர்கள்

1

துன்பியல் என்றதும் நம் மனத்தில் எழுவது ஓர் அரண்மனை. ஈடிபஸும் லியரும் அங்கிருந்துதான் விழுகிறார்கள். விழுவதற்கு உயரம் வேண்டும், உயரத்துக்கு முடி வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலைப் பாதி படித்தவர்களின் நம்பிக்கை. 1949 பிப்ரவரி 10ஆம் தேதி நியூயார்க்கின் மொரோஸ்கோ தியேட்டரில் ஆர்தர் மில்லரின் ‘ஒரு சேல்ஸ்மேனின் மரணம்’ மேடையேறியபோது இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. எலியா கஸானின் இயக்கம்; ஜோ மீல்ஸினரின் அரங்கமைப்பு; வில்லி லோமனாக லீ ஜே. காப். நாடகம் 742 முறை நடந்தது. அறுபதைத் தாண்டிய, வேலை பறிபோன ஒரு விற்பனைக்காரன் காரை மோதிச் சாவது எப்படித் துன்பியலாகும் என்ற கேள்விக்கு மில்லர் அதே மாதம் 27ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை மூலம் பதில் சொன்னார். தன் கௌரவம் என்று எதை ஒருவன் நினைக்கிறானோ, அதற்காக உயிரையே வைக்கத் தயாராக இருந்தால் அவன் துன்பியலுக்கு உரியவன். அரசனுக்கு இதில் தனிச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம்.

இந்த நாடகம் நம் கல்லூரிகளின் ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலமாகப் பாடம். புல்லாங்குழல் என்றால் இழந்த இயற்கை, பட்டுக் காலுறை என்றால் துரோகம், இரவில் விதைக்கும் விதை என்றால் பலிக்காத ஆசை - இப்படி ஒரு சமன்பாட்டுப் பட்டியலைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது வழக்கம். பட்டியல் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் வங்கியில் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிற என் கண்ணுக்கு அந்த நாடகத்தில் முதலில் படுவது வேறொன்று. அதில் எங்கு திரும்பினாலும் எண்கள். பழைய துன்பியலில் முடி இருந்த இடத்தில் இங்கே கணக்கு இருக்கிறது. சாமானியனின் வீழ்ச்சிக்கு அளவுகோல் அதுதான். அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று கண்ணீர்க் கதை, இல்லாவிட்டால் புராணம்.

கணக்கு அழிக்கப்பட்டதால் துன்பியலாக ஆகாமல் போன ஒரு வாழ்க்கை எங்கள் தூத்துக்குடியில் உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் மில்லரை இங்கே அழைத்து வந்திருக்கிறேன்.

2

முதலில் நாடகம். மில்லர் இதற்கு முதலில் யோசித்த தலைப்பு ‘அவன் தலைக்குள்ளே’ என்பது. மேடையில் வில்லியின் வீடு. சுவர்கள் கோடுகளாக மட்டுமே. நிகழ்காலத்தில் பாத்திரங்கள் கதவு வழியாக வருகிறார்கள். கடந்த காலத்தில் சுவரை ஊடுருவி நடந்து வருகிறார்கள். இதைப் பெரிய புதுமை என்று மேற்கு வியந்தது. மேடையை ஒரு சுற்று வந்தால் காடும், இன்னொரு சுற்றில் அத்தினாபுரமும் வந்துவிடும் கூத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் திகைக்க அதிகம் இல்லை. திகைக்க வேண்டியது இன்னொன்றில். காலம் இப்படிக் கரைந்து ஓடும் நாடகத்தில், கரையாமல் நிற்பவை தொகைகள் மட்டுமே.

வில்லி ஊர் சுற்றித் திரும்பி வந்ததும் மனைவி லிண்டாவிடம் பிராவிடன்ஸில் 500 குரோஸ், பாஸ்டனில் 700 குரோஸ் விற்றேன் என்கிறான். அவள் பென்சிலை எடுத்துக் கமிஷன் கணக்குப் போடத் தொடங்கியதும் எண் இறங்குகிறது. கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து சுமார் 200 குரோஸ்தான். கையில் வருவது எழுபது டாலரும் சில்லறையும். லிண்டா முகம் சுளிக்கவில்லை. கொடுக்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறாள்: குளிர்சாதனப் பெட்டிக்கு 16 டாலர், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 9.60, தூசி உறிஞ்சும் கருவிக்கு 3.50, கூரை வேலைக்கு 21, அதன்மேல் கார் பழுதுபார்த்த கூலி. எல்லாம் சேர்ந்து பதினைந்தாம் தேதிக்குள் 120 டாலர். ஒரு குடும்பத்தின் பொய், அன்பு, பயம் மூன்றும் இந்தச் சிறு கூட்டல் கணக்கில் வந்துவிடுகின்றன. அவன் பொய் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியாமலிராது. இருவரும் எண்களைக் கொண்டு ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

அடுத்து முதலாளி ஹோவர்டின் அறை. ஊர் சுற்ற முடியவில்லை, உள்ளூரிலேயே வேலை கொடு என்று கேட்கிறான் வில்லி. வாரம் 65 டாலர் போதும் என்கிறான். முதலாளி தான் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கும் தொகை 50 ஆகிறது. பிறகு 40. எதிராளி ஒரு விலைகூடச் சொல்லவில்லை. வில்லி தானே தன்மேல் இறங்குமுக ஏலம் விட்டுக்கொள்கிறான். 34 ஆண்டு இந்தக் கம்பெனிக்கு உழைத்தேன் என்று அங்கே கத்துகிறான். முன்பு லிண்டா பிள்ளைகளிடம் சொன்னது 36 ஆண்டு. ஆசிரியர் கவனக்குறைவோ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே வீட்டில் ஒரே வாழ்க்கையின் கணக்கு இரண்டு பேரேடுகளில் இரண்டு விதமாக இருக்கிறது.

மூன்றாவது, பக்கத்து வீட்டுச் சார்லி வாரந்தோறும் கொடுக்கும் 50 டாலர். வில்லி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் சம்பளம் என்று கொடுக்கிறான். அதே சார்லி வேலை தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். கடன் வாங்கலாம், வேலை வாங்கக் கூடாது. கடன் ரகசியம், வேலை பகிரங்கம். இந்த இடத்தில்தான் மில்லர் சொன்ன கௌரவம் என்கிற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது. அது பொய்க் கணக்கில் நிற்கும் கௌரவம். அதனால் அவனுக்கு இறுதிவரை தன்னைத் தெரிந்துகொள்ளும் கணம் வாய்க்கவில்லை. வாய்ப்பது மகன் பிஃபுக்குத்தான், அப்பனுக்கு அல்ல. கடைசியில் 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் தொகைக்காக வில்லி காரை எடுத்துக்கொண்டு போகிறான். உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் மதிப்பு அதிகம் என்று அவனே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். அந்தத் தொகை வந்ததா என்பதை நாடகம் சொல்லவில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணை மட்டும் அவனைப் புதைக்கிற நாளில் தீர்ந்திருக்கிறது.

வில்லி என்ன சரக்கை விற்றான் என்பதும் நாடகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அவன் அப்பா புல்லாங்குழல் செய்து விற்றவர். மகன் விற்பது பெயரில்லாதது. தன் சிரிப்பையும் தன்னைப் பிறர் விரும்புகிறார்கள் என்ற நம்பிக்கையையும்தான் அவன் விற்றுக்கொண்டிருந்தான் என்று நாம் ஊகிக்க இடம் விட்டிருக்கிறார் மில்லர்.

3

தமிழில் இப்படி ஒன்று உண்டா என்று கேட்டால் உடனே உதட்டைப் பிதுக்குகிறோம். நம் முதல் காப்பியமே ஒரு விற்பனைக்காரனின் மரணம்தான் என்பது நமக்கு உறைப்பதில்லை. கோவலன் வணிகன். முதலை எல்லாம் இழந்தபின் மனைவியின் சிலம்பை முதலாக வைத்து மீண்டும் வாணிகம் தொடங்கலாம் என்று மதுரைக்கு நடக்கிறான். சரக்கு ஒன்றே ஒன்று. அதுவும் வீட்டுச் சரக்கு. அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனான், செத்தான். வில்லியின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் இளங்கோ எழுதியது வேறு. கோவலனின் கணக்கு அந்தப் பிறவியோடு முடிகிற கணக்கல்ல. முற்பிறவியில் அவன் பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன். ஒரு வணிகன் உயிருக்கு இன்னொரு வணிகன் உயிர். ஊழ் என்பது பிறவிதோறும் ஐந்தொகை போட்டு நேர் செய்கிற ஒரு பேரேடு. பற்றும் வரவும் ஒத்துவந்துவிட்டால் துக்கம் இருக்கும், நியாயக் குறை இருக்காது. நெடுஞ்செழியன் உயிர் விட்டதும் அரசின் கணக்கும் நேராகிவிடுகிறது. எஞ்சிய கோபத்தை எரித்துத் தீர்த்துத் தெய்வமாகிறாள் கண்ணகி. கோவலன் இடையில் காணாமல் போகிறான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. காப்பியத்தின் பெருமையே அந்த நேர்ப்பாட்டில் இருக்கலாம். ஆனால் இந்த வழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் மேடைக்குக் கோவலன் கதையை நாடகமாக எழுதிக் கொடுத்தார். ஊர் ஊராக அது நடந்தது, பாட்டுக்காகக் கொண்டாடப்பட்டது. சிலம்பு பார்வையாளர்களுக்குத் தெரிந்தது. சிலம்பின் விலை தெரியவில்லை. தமிழ் மேடையில் ஒருவன் விழுந்தால், ஏன் விழுந்தான் என்பதற்கு ஊழோ வில்லனோ ஒரு விடை தயாராக இருக்கும். எவ்வளவுக்கு விழுந்தான் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

4

தூத்துக்குடிக் கடலுக்கு இரண்டு பொருளாதாரங்கள் இருந்தன. ஒன்று முத்து. அரசாங்கம் சிலாபத்தை அறிவிக்கும். பரதவரும் பிறரும் கல்லைக் கட்டி மூழ்குவார்கள். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அதை ஆயிரக் கணக்கில் எண்ணி, திறக்காமலே ஏலம் போடுவார்கள். வாங்கினவன் அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தால்தான் உள்ளே முத்தா, வெறும் நாற்றமா என்று தெரியும். வில்லியின் அண்ணன் பென் பதினேழு வயதில் காட்டுக்குள் போய் இருபத்தொன்றில் வைரத்தோடு வெளியே வந்தவன். வில்லியின் கனவில் அடிக்கடி வந்து ஆசை காட்டுகிறவன். அந்தப் பென்னின் பொருளாதாரம் இதுதான்: இறங்கு, கிடைத்தால் உனக்கு, கிடைக்காவிட்டால் உன் தலையெழுத்து.

மற்றது கப்பல். அங்கே அதிர்ஷ்டம் போதாது. முதல் வேண்டும், முதலுக்குப் பங்குதாரர் வேண்டும், பங்குதாரருக்கு நம்பிக்கை வேண்டும். 1906 அக்டோபர் 16ஆம் தேதி பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவர்களில் முதன்மையானவர் ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வக்கீல், வ.உ. சிதம்பரம் பிள்ளை.

நமக்குப் பழகிப்போன பட்டங்களையெல்லாம் ஒரு நிமிஷம் அகற்றிவிட்டுப் பார்த்தால், அந்த இரண்டு வருஷங்களில் அவர் ஒரு சேல்ஸ்மேன். அவர் விற்ற சரக்கின் பெயர் நமக்குத் தெரியும், விலையும் தெரியும். கப்பல் வாங்க பம்பாய் போனபோது, கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுவேன் என்று சபதம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் பிள்ளைக்கு நோய். சபதம் நடந்ததோ இல்லையோ, இந்தக் கதை ஒரு நாடகத்தின் முதல் அங்கத்துக்குரிய கதை. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன.

எதிரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். கோரல் மில்லும் அவர்களுடையது. கொழும்புக் கட்டணம் இரு பக்கமும் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் வெள்ளைக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. குடையும் சேர்த்துக் கொடுத்தது என்பார்கள். ஹோவர்டின் அறையில் வில்லி தனியாக நடத்திய இறங்குமுக ஏலம் இங்கே இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் நடந்தது. வித்தியாசம், ஒருவரால் நஷ்டத்தைத் தாங்க முடியும், மற்றவரால் முடியாது. தாங்க முடியாதவருக்கு இருந்த ஒரே முதல் ஜனங்களின் உணர்ச்சி. அதனால் மேடைப் பேச்சும் கப்பல் வியாபாரமும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றன. கம்பெனி நிர்வாகத்தில் இருந்த சிலருக்கு அந்தப் பேச்சு உவக்கவில்லை. பேச்சை விட்டால் பயணிகள் இல்லை. விடாவிட்டால் சர்க்கார் விடாது. அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஹமார்ஷியா’வைக் குணக்கேடு என்று மொழிபெயர்ப்பது வழக்கம். குறி தவறுதல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். எந்தப் பக்கம் குறி வைத்தாலும் தவறும்படியாக ஓர் இக்கட்டு அமைந்துவிட்டால் அதுதான் துன்பியலின் தளம். சிதம்பரம் பிள்ளை நின்றது அந்தத் தளத்தில்.

பிறகு நடந்தவை பாடப்புத்தகத்தில் இருப்பவை. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வெற்றி. மார்ச் 12 கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச் சூடும், நால்வர் சாவும். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே விதித்த இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் அவை ஆறு வருஷமானது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறை, செக்கு. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலை.

நம் கதை சொல்கிறவர்கள் இத்துடன் திரையை இறக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் இப்போதுதான் இரண்டாம் அங்கம் தொடங்குகிறது.

5

வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது இல்லை, ரத்தாகிவிட்டது. சென்னையில் குடியேறிச் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. இந்தக் காலத்தில் ஒரு தொகை அவருடைய வாழ்க்கையில் வருகிறது: 347 ரூபாய் 12 அணா. தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர்கள் அவருடைய கஷ்டத்துக்கென்று திரட்டி, காந்தியிடம் கொடுத்திருந்த பணம். இதைப் பற்றி 1915 ஏப்ரலில் தொடங்கி மறு வருஷம் வரை இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி வெளிக்கொண்டு வந்து ஆராய்ந்திருக்கிறார். நூலின் தலைப்பிலேயே அந்தத் தொகையை வைத்தார். பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, எங்கே இருக்கிறது என்று விசாரிக்கும் கடிதங்கள். தாமதமாயினும் பணம் வந்து சேர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 ரூபாய் முகமதிப்புள்ள சுதேசிக் கம்பெனிப் பங்குகள் 14 வாங்க 350 ரூபாய் வேண்டும். வந்த தொகை அதற்கு 2 ரூபாய் 4 அணா குறைவு. 40,000 பங்குகளை விற்கப் புறப்பட்டவர் 14 பங்குக்குக் குறைவான தொகைக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. செக்கிழுத்ததைப் பற்றி எழுதும்போது நம் பேனாக்கள் குமுறுகின்றன. அதிலே எதிரி இருக்கிறான், கொடுமை இருக்கிறது, குமுறல் சுலபம். இங்கே எதிரி இல்லை. கடிதத்தின் இரு முனையிலும் நல்லவர்கள். துன்பியல் என்ற சொல்லுக்கு இதுவே பொருத்தமான இடம்.

இனி சார்லியின் 50 டாலரோடு இதை ஒப்பிடலாம். வில்லி வாங்கினான், மறைத்தான், சம்பளம் என்று பெயர் மாற்றினான். சிதம்பரம் பிள்ளை மறைக்கவில்லை. தன் இப்போதைய நிலைமையில் வேண்டாம் என்று சொன்னால் அது மடத்தனமாகும் என்ற பொருள்பட வெளிப்படையாகவே எழுதினார்; கணக்கையும் கேட்டார். வில்லியின் கௌரவம் கணக்கைப் பொய்யாக்கி நிற்கிறது. இவருடைய கௌரவம் கணக்கைச் சரியாக வைப்பதில் நிற்கிறது. இருவரும் விழுந்தவர்கள். விழுந்தபின் தன் நிலையைத் தான் அறிந்தவர் ஒருவர்தான்.

இன்னொரு ஒப்பீடு இதைவிடச் சங்கடமானது. வில்லியின் தலைக்குள் இருப்பது அமெரிக்காவின் வெற்றி வேதம்: நீ எப்படிப்பட்டவன் என்று நினைக்கிறாயோ அப்படியே ஆவாய், நம்பு, கிடைக்கும். இதே காலத்து இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்பவர் இந்த வேதத்தின் சாத்துவிகமான ஒரு வடிவத்தைச் சிறு நூல்களாக எழுதினார். அவருடைய அப்பா பிழைப்புத் தேடி அமெரிக்கா போய் இறங்கிய இரண்டாம் நாளே கொலையுண்டவர். எண்ணமே சூழ்நிலையை உண்டாக்குகிறது என்பது ஆலனின் போதனை. சிறையிலிருந்த சிதம்பரம் பிள்ளை அதைத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ 1909இல் வெளிவந்தது. பிறகு ‘அகமே புறம்’. அந்த வருஷங்களில் வெளியே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அவர் மனம்போல எதுவும் நடக்கவில்லை. எண்ணத்தில் அவருக்குக் குறைவில்லை; சூழ்நிலை அதற்குக் கட்டுப்படவில்லை. வில்லியை அழித்த நம்பிக்கையின் உறவுக்காரன் ஒன்று இவருடைய சிறைக்குள்ளும் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது ஒரு பீதி உண்டாகிறது.

ஆனால் அந்த நம்பிக்கையை இவர் வேறு விதமாகப் பயன்படுத்தினார். வில்லிக்கு அது விற்கும் உத்தி. இவருக்கு அது சகித்து நிற்கும் ஒழுக்கம். அதை அவர் திருக்குறளோடும் சித்தாந்தத்தோடும் சேர்த்துக் கரைத்துக்கொண்டார். ‘மெய்யறம்’ எழுதினார், மணக்குடவரையும் இளம்பூரணரையும் பதிப்பித்தார், தன் வாழ்க்கையை அகவலில் எழுதினார். தன் வீழ்ச்சியைத் தானே செய்யுளில் எழுதி வைத்த துன்பியல் நாயகன் உலக நாடகத்தில் எனக்குத் தெரிந்து வேறொருவன் இல்லை. இடையில் கோவையில் கொஞ்ச காலம் வங்கி மேலாளராகவும் இருந்திருக்கிறார். எங்கள் தொழிலில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது என்பதில் எனக்குப் பெருமையும் கூச்சமும் உண்டு. பிறகு வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வில்லன்களைக் கொண்டு வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயரை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடியில் காங்கிரஸ் ஆபீசில், அவர் விருப்பப்படி அங்கே கொண்டுபோகப்பட்டு, உயிர் விட்டார். அதற்குச் சற்று முன் ஓர் உயில். அதில் சொத்து விவரத்தோடு, கடைக்காரர்கள் உட்பட யார் யாருக்குப் பாக்கி என்ற விவரமும் இருந்தது. லிண்டா பென்சிலோடு உட்கார்ந்து வாசித்த பட்டியலை இங்கே சாகப்போகிறவரே சொல்கிறார். வில்லி தன் சாவால் கடனை அடைக்க நினைத்தான். இவர் சாவு வேறு, கடன் வேறு என்று பிரித்து எழுதி வைத்தார். நாடக இலக்கணம் தெரிந்தவர்கள் ‘தன்னை அறியும் கணம்’ என்று சொல்வது எனக்கு இந்தக் காகிதத்தில் தெரிகிறது.

6

1961இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மன்னார் வளைகுடாவில் எங்கள் கரையின் கடைசி முத்துக்குளிப்பு அந்த ஆண்டோடு முடிந்தது. அதே ஆண்டு ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை எடுத்தார். சிவாஜி கணேசனின் நடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. படம் அப்போது வசூலில் தோற்றது என்பதும் தெரிந்ததே. பங்கு விற்க முடியாத கம்பெனியைப் பற்றிய படத்துக்கு டிக்கெட்டும் விற்கவில்லை என்பதை மில்லர் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார். நான் சொல்ல வந்தது படத்தின் தோல்வியைப் பற்றி அல்ல. அந்தப் படமும், அதற்கு முன்னும் பின்னும் வந்த மேடைகளும், அவரைத் தியாகி ஆக்கின. தியாகம் என்பது சிலப்பதிகார ஊழைப் போன்ற இன்னொரு பேரேடு. அவர் கொடுத்தார், நாடு பெற்றது. 1947இல் கணக்கு நேர். பார்வையாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

துன்பியல் இந்த நிம்மதியைத்தான் மறுக்கிறது. ‘ஒரு சேல்ஸ்மேனின் மரண’த்தின் இறுதிப் பகுதியில் புதைகுழியருகே ஐந்து பேர் நிற்கிறார்கள். விற்றுப் பிழைத்த காலத்தில் தனக்கு ஊரெல்லாம் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் சாவுக்கு ஐந்து பேர். சார்லி அவனுக்காக வாதாடுகிறான். ஒரு மகன் அவன் கனவு தப்பு என்கிறான். இன்னொருவன் அதே கனவைத் தொடர்வேன் என்கிறான். லிண்டாவால் அழ முடியவில்லை. யாருடைய கணக்கும் யாருடைய கணக்கோடும் ஒத்துவரவில்லை. ஒவ்வாத அந்தத் தொகை பார்வையாளனின் பற்றில் எழுதப்படுகிறது. எங்கள் மொழியில் சொன்னால் வாராக்கடன். தள்ளுபடி செய்துவிட்டதாகப் பேரேட்டில் எழுதலாம், கடன் கடன்தான்.

சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் அப்படி ஒவ்வாமல் நிற்கும் தொகைகள் நிறைய. பங்கு வாங்கியவர்களின் 25 ரூபாய்கள். குடைக்காகவும் இலவசப் பயணத்துக்காகவும் மாறிப் போனவர்களின் எட்டணாக்கள். அந்த மாறிப் போனவர்கள் கெட்டவர்கள் அல்லர். கொழும்புக்குப் பிழைக்கப் போன ஏழைகள். அவர்களையும் கொண்டுவர ஒரு நாடகத்தில் இடம் வேண்டும். தியாகியின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. துரோகி என்ற ஒரே வேஷம்தான் கிடைக்கும். துன்பியலில் அவர்கள் கோரஸாக வர முடியும்.

இன்று எங்கள் துறைமுகத்துக்கு அவர் பெயர், 2011இல் வைத்தார்கள். அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். செக்கு வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததைச் சொல்கிறது. உயிலும் அந்த 347 ரூபாய் 12 அணாக் கடிதங்களும் நாம் நமக்குச் செய்துகொண்டதைச் சொல்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு மண்டபம் இல்லை.

தமிழில் ஒரு நாடகாசிரியன் என்றாவது இதை எழுத உட்கார்ந்தால், அவனுக்குச் செக்கு வேண்டியதில்லை, கப்பலும் வேண்டியதில்லை. சென்னையில் ஒரு வாடகை வீடு. தபால்காரன் வந்து போன பிற்பகல். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தொகையைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறார். மனைவி உள்ளேயிருந்து எவ்வளவு என்று கேட்கிறாள். அவர் பொய் சொல்லாமல் சொல்கிறார்.